செடேஷன், மயக்க மருந்து: மூச்சுப்பாதை அடைப்புத் தடுப்பு – முக்கியக் குறிப்புகள்

அடிப்படை
• காரணம்: தொண்டைத் தசைத் தளர்வு, நாக்கு, மென்னண்ணம் பின்சரிதல்.
• செடேஷன் படிநிலைகள் 4: குறைந்த, மிதமான, ஆழ்ந்த, முழு மயக்கம். மிதமாகத் தொடங்கி ஆழ்ந்ததாக நழுவுவது எளிது.

ஆபத்து மிக்கோர்
• உறக்க மூச்சுத்தடை, உடற்பருமன், குட்டைக் கழுத்து, பின்வாங்கிய கீழ்த்தாடை. குழந்தைகளில் பெரிய டான்சில்.
• ஸ்டாப்-பேங் வினாநிரல்: பிரான்சஸ் சங், டொரான்டோ. கூறுகள் 8: குறட்டை, பகல் சோர்வு, உறக்கத்தில் மூச்சு நிற்பதைப் பிறர் கண்டது, உயர் ரத்த அழுத்தம், பிஎம்ஐ 35க்கு மேல், வயது 50க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆண்பால்.
• உறக்க மூச்சுத்தடை ஆபத்து மதிப்பெண்: 0–2 குறைவு, 3–4 நடுத்தரம், 5–8 அதிகம்.
• மல்லம்பட்டி வகைப்பாடு: சேஷகிரி மல்லம்பட்டி, 1985, வகுப்புகள் 3. நான்காம் வகுப்பு: சாம்சூன்–யங், 1987, வன்னண்ணம் மட்டும் தெரியும் நிலை.
• கார்மாக்–லேஹேன்: 1984, தரங்கள் 4. அடிக்கடி குழப்பும் இணை: மல்லம்பட்டி என்பது மயக்கத்துக்கு முன் வாய்த் தோற்றம்; கார்மாக்–லேஹேன் என்பது லாரிங்கோஸ்கோப் வழியே குரல்வளைத் தோற்றம்.

தடுப்பு
• பருமனானோர் படுக்கை நிலை: தோள், தலைக்கு அடியில் துணி மடிப்பு, காதுத் துளையும் மார்பெலும்பின் மேல்விளிம்பும் ஒரே மட்டம்.
• முன்-ஆக்சிஜன்: 100%, 3 நிமிடம். மூச்சு நின்றபின் தாங்கும் காலம்: நலமான பெரியவர் ஏறத்தாழ 8 நிமிடம், மிகு பருமனில் 3 நிமிடத்துக்கும் குறைவு.
• கையால் செய்வன 3: தலை பின்சாய்த்தல், மோவாய் உயர்த்தல், கீழ்த்தாடை முன்தள்ளல்.
• கெடல் குழாய் (வாய்வழி மூச்சுப்பாதைக் குழாய்): ஆர்தர் கெடல், 1933. லாரிஞ்சியல் மாஸ்க்: ஆர்ச்சி பிரெயின், 1981.
• மாற்றுமருந்து: ஓபியாய்டுக்கு நலாக்சோன், பென்சோடயசெபினுக்கு ஃப்ளுமசெனில், புரொபோஃபாலுக்கு இல்லை.

கண்காணிப்பு (மிக முக்கியப் பகுதி)
• குறட்டை ஒலி: பகுதி அடைப்பு. ஒலியே இன்மை, மார்பு உள்ளிழுப்பு, வயிறு மட்டும் எழுதல்: முழு அடைப்பு. நோயாளி அமைதியாக உறங்குவதாகத் தோன்றும் இந்நிலையே உயிருக்கு ஆபத்து.
• பல்ஸ் ஆக்சிமீட்டர்: தகுவோ அவோயாகி, ஜப்பான், 1974. அளப்பது ரத்த ஆக்சிஜன் செறிவு, மூச்சோட்டம் அன்று. கூடுதல் ஆக்சிஜன் பெறுபவரில் மூச்சு நின்றபின்னும் அளவு சில நிமிடம் இயல்பாகவே நிற்கும்.
• கேப்னோகிராஃப்: வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடு அலைவடிவம். அலை மறைவு: அடைப்பு அல்லது மூச்சு நிறுத்தம். இவ்விரு கருவிகளில் முதலில் எச்சரிப்பது இதுவே.
• அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம்: மிதமான, ஆழ்ந்த செடேஷனிலும் கேப்னோகிராஃப், 2011 முதல்.

மீட்பு அறை
• பக்கவாட்டுப் படுக்கை அல்லது தலை உயர்த்திய நிலை; மல்லாந்த நிலை தவிர்ப்பு.
• சி-பாப் கருவி (உறக்க மூச்சுத்தடைக்கான தொடர் காற்றழுத்தக் கருவி): காலின் சல்லிவன், ஆஸ்திரேலியா, 1981. வீட்டில் பயன்படுத்துவோருக்கு அறுவைக்குப் பின்னும் தொடர்தல்.