வண்ணத்துப்பூச்சிக் கணக்கு

வண்ணத்துப்பூச்சியை வலையிட்டுப் பிடித்து ஊசி குத்தாமலே அதனை அறியலாம். கண்ணால் கண்டு ஏட்டில் எழுதுவதே அவ்வழி. அஹிம்சையைப் போற்றும் நமக்கு இஃது ஏற்றதோர் பணி.

இதன் பயன் பெரிது. பிரிட்டனில் 2010 முதல் பொதுமக்கள் கோடையில் 15 நிமிடம் நின்று எண்ணித் தெரிவிக்கின்றனர். 2023இல் ஒரு கணக்கிற்குச் சராசரி 12 என்றிருந்தது 2024இல் 7 ஆயிற்று. ஒன்றும் காணாதவர்களும் மறைக்காது எழுதியதாலன்றோ இக்குறைவு வெளிப்பட்டது!

நம் வீட்டிலும் தொடங்குவோம். கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல் தோன்றும் இளம் புழுக்கள் 'காமன் மார்மன்' முதலியவற்றின் புழுக்களாகலாம்; நசுக்கற்க. மார்மன் பெண்களில் ஒரு வகை, பறவைகள் உண்ண விரும்பாத 'காமன் ரோஸ்' போன்றே சிறகுடையது. உடலை நோக்குக: ரோஸுக்குச் சிவப்பு, மார்மனுக்குக் கறுப்பு. உடலைக் காணுமுன் பறந்துவிட்டால் 'ஐயம்' என்றே எழுதுக. ஊகித்துப் பெயரிடுதல் பொய்யுரைத்தலே ஆகும்.

பதிவில் இருக்க வேண்டியவை:
1. நாள், நேரம், இடம்
2. வெயில், மழை, காற்று
3. அமர்ந்த செடி
4. பெயர், எண்ணிக்கை

எதுவும் வாராத நாளில் 'இல்லை' என்று எழுதுக. அந்த 'இல்லை'யும் நாளை ஓர் உயிரினத்தைக் காக்க உதவும் சான்றாகும்.