முன்னால் நிற்கும் பூஜ்யம்

விழுப்புரத்தின் தொலைபேசிக் குறியீடு 04146, திண்டிவனத்தினுடையது 04147. ஆனால் துபாயில் இருக்கும் உங்கள் மாமா விழுப்புரம் வீட்டுத் தொலைபேசிக்குப் பேசும்போது 91க்குப் பிறகு 4146 என்றே அழுத்துவார். பூஜ்யம் எங்கே போயிற்று? அது ஊரின் எண்ணில் சேர்ந்ததே அன்று. "இது வெளியூர் அழைப்பு" என்று இணைப்பகத்துக்கு நாம் இடும் கட்டளை அது. எண்ணுக்கு முன்னால் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று கணக்கு வகுப்பில் கற்றோம். இங்கே அதற்கு வேலை இருக்கிறது.

கணினியிலும் இப்படி ஒரு பூஜ்யம் உண்டு. வலையில் இணைந்த கணினிகளுக்கு 192.168.1.9 என்பது போன்ற முகவரிகள் உள்ளன. நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255க்குள். இவற்றைச் சாதாரணமாக வரிசைப்படுத்தச் சொன்னால் 10 முன்னாலும் 9 பின்னாலும் வரும். அகராதியைப் போல, கணினி முதல் எழுத்தைத்தான் முதலில் ஒப்பிடுகிறது. ஆகவே 009, 010 என மூன்று இலக்கமாக எழுதுவது வழக்கம். ஷெல் கட்டளைத் தொகுப்பில் இதற்கு 'பிரிண்ட்எஃப்' என்ற கட்டளை உதவும். அகலம் மூன்று, காலியிடத்தில் பூஜ்யம் என்று குறித்தால் 7ஐ 007 ஆக்கித் தரும். பட்டியலும் நேராக நிற்கும், பார்க்க அழகுதான்.

இனிமேல்தான் வம்பு. ஏற்கெனவே 010 என்று எழுதியதை அதே கட்டளையிடம் மறுபடி கொடுங்கள். 010 வராது, 008 வரும்! சி மொழியின் பழைய வழக்கப்படி, பூஜ்யத்தில் தொடங்கும் எண் எட்டின் அடிமான எண்ணாகக் கொள்ளப்படும். எட்டு ஒன்றும் பூஜ்யமும் சேர்ந்தால் எட்டுதானே! 08, 09 என்றாலோ பிழைச் செய்தி வரும். எட்டின் அடிமானத்தில் 8, 9 என்னும் இலக்கங்களே கிடையா. தொகுப்பை 7 வரை மட்டும் சோதித்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று எழுந்துவிடுகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

பிழைச் செய்தி வந்தால்கூட நல்லது, விழித்துக்கொள்வோம். 010 சத்தமில்லாமல் தவறும். லினக்ஸ் கணினியில் 192.168.1.010க்குச் செய்தி அனுப்பினால், பத்தாம் எண் கணினிக்குப் போகாமல் எட்டாம் எண்ணுக்குப் போய்விடும். ஒரு மென்பொருள் பத்து என்றும் மற்றொன்று எட்டு என்றும் படித்தால், வாயிற்காவலர் ஒருவரைச் சோதித்துவிட்டு வேறொருவரை உள்ளே விட்ட கதைதான். 2021இல் பைதான் மொழியில் இக்குறை வெளிப்பட்டது. அதன் முகவரிப் பகுதி, முன்பூஜ்யம் உள்ள முகவரிகளை அதன்பின் ஏற்பதே இல்லை.

பாஷ் ஷெல்லில் இதற்குப் பரிகாரம் எளிது. முகவரியைப் புள்ளிகளில் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் முன்னும் 10# என்று சேர்த்துக் கணக்கிடச் சொல்லுங்கள். "இது பத்தின் அடிமானம்" என்பது அதன் பொருள். 010 பத்தாகும், 08 எட்டாகும். பிறகு பட்டியலில் அச்சிட மட்டும் 010 என்று ஆக்கிக்கொள்ளலாம். இணைப்புக்குக் கொடுக்கும்போது 192.168.1.10 என்றே கொடுங்கள், துபாய் மாமா 4146 என்று அழுத்துவதைப் போல.