வெளியூரிலுள்ள பதிவேட்டில் கைபேசியால் எழுதும் முறை

உழவர் குழு ஒன்று டிராக்டரும் விதைப்புக் கருவியும் வாங்கி, உறுப்பினர்களுக்கு வாடகைக்கு விட்டு வருகிறது என்று வைத்துக் கொள்வோம். எந்நாளில் யாருக்கு இயந்திரம் என்பதைச் செயலர் இதுகாறும் ஒரு நோட்டில் குறித்து வந்தார். இப்பொழுது உறுப்பினர்கள் தத்தம் கைபேசியிலேயே நாள் குறிக்க விரும்புகின்றனர். இதனைச் செய்து தர இளைஞர் பலர் முன்வருகின்றனர். செய்பவர் அவர்களேயாயினும், வேலையை ஒப்படைப்போர் அதன் அமைப்பை ஓரளவேனும் அறிந்திருத்தல் அவசியம். இல்லையேல் பணமும் கணக்கும் ஒருங்கே பறிபோகக் கூடும்.

கணக்கு எழுதப்படும் இடம் தரவுத்தளம் எனப்படும். உறுப்பினருக்கு ஓர் அட்டவணை, இயந்திரத்துக்கு ஓர் அட்டவணை, முன்பதிவுக்கு ஓர் அட்டவணை எனப் பிரித்து, எண்களால் அவற்றை இணைப்பது உறவுமுறைத் தரவுத்தளம். இம்முறையை 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்த எட்கர் காட் என்னும் அறிஞர் வகுத்தளித்தார். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் ஆகியவை இவ்வகையைச் சார்ந்தவை. இதற்கெனக் கணினி வாங்கி ஊரில் வைக்க வேண்டுவதில்லை. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015 முதல் சென்னையிலும், அமேசான் 2016 முதல் மும்பையிலும் இத்தகைய இடத்தை வாடகைக்குத் தருகின்றன. இதுவே மேகக்கணினி எனப்படுவது. மேகத்துக்கும் அதற்கும் தொடர்பு எதுவுமில்லை, பெயர்தான் அப்படி.

கைபேசியிலுள்ள உலாவியை இத்தரவுத்தளத்தோடு நேரே இணைத்துவிடலாகாதா எனச் சிலர் வினவுவர். ஆகாது. உலாவி பேசுவது எச்.டி.டி.பி. என்னும் முறையில், போஸ்ட்கிரெஸ் 5432 என்னும் எண்ணுள்ள வாயிலில் தனக்குரிய வேறொரு முறையில் பேசுகிறது. இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. உலாவிக்கு அனுப்பப்படும் நிரல் முழுவதையும் பார்க்க விரும்புவோர் எவரும் திறந்து பார்த்துவிடலாம். அதனுள் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை வைப்பது, சாவடியின் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். வாடகை பாக்கி வைத்துள்ளவர் தம் பாக்கியைத் தாமே அழித்துவிட்டால் யாரைக் கேட்பது?

ஆகவே இரண்டுக்கும் இடையே சேவையகம் என்னும் மூன்றாவது உறுப்பு வேண்டும். அது கூட்டுறவுச் சங்கத்தின் எழுத்தரைப் போன்றது. உறுப்பினர் மனுவை நீட்டுகிறார். எழுத்தர் அவர் யாரென விசாரித்து, கேட்பது முறையானதா எனப் பார்த்து, பேரேட்டைத் தாமே எடுத்து எழுதுகிறார். பேரேட்டை உறுப்பினர் கையில் கொடுப்பதில்லை. கடவுச்சொல் சேவையகத்திடம் மட்டுமே இருக்கும். நிரலுக்குள் எழுதப்படாமல் தனியே வைக்கப்பட்டிருக்கும். உலாவிக்கும் சேவையகத்துக்கும், சேவையகத்துக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே செல்லும் செய்தி இரு வழியிலும் மறையாக்கப்பட வேண்டும். தரவுத்தளமோ அச்சேவையகத்தின் முகவரியிலிருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்க வேண்டும். வேலை நடக்கும்போது வசதிக்காக உலகனைத்துக்கும் வாயிலைத் திறந்து வைத்துப் பின்னர் மூட மறந்துவிடுதல் இத்தொழிலில் பரவலான குற்றம். இதனைக் கேட்டே ஆக வேண்டும்.

வவுச்சரில் தொகைக்கு முன் இடம் விட்டால் பிறர் ஓர் எண்ணைச் சேர்த்துவிடுவர் என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் அறிவர். அதனைப் போன்றதே இன்னொரு தீங்கு. பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒருவன் பெயருக்குப் பதில் தரவுத்தளத்துக்குரிய கட்டளையை எழுதுகிறான். சேவையகம் அதனைத் தன் கட்டளையோடு அப்படியே ஒட்டி அனுப்பினால், தரவுத்தளம் அதையும் நிறைவேற்றிவிடும். கட்டளையை ஒரு புறமும் உறுப்பினர் எழுதியதை மறுபுறமுமாகத் தனித்தனியே அனுப்புவதே இதற்குப் பரிகாரம். மேலும், சேவையகத்துக்கு அட்டவணையையே அழிக்கும் அதிகாரம் தரலாகாது. படிக்கவும் எழுதவும் தந்தால் போதும்.

இனி மழை பெய்த மறுநாளை எண்ணிப் பாருங்கள். ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும். அனைவரும் ஒரே வேளையில் கைபேசியை எடுப்பர். இருவர் கைபேசியிலும் வெள்ளிக்கிழமை காலை காலியாகத் தெரியும். இருவரும் ஒரே கணத்தில் பொத்தானை அழுத்துவர். திரையில் காலி என்று தெரிவதை நம்பிப் பதிவு செய்தால் இருவருக்கும் டிராக்டர் கிடைத்ததாகிவிடும். சண்டையும் உடன் வரும். ஓர் இயந்திரம், ஒரு நாள், ஒரு வேளை என்பதற்கு ஒரு பதிவே இருக்கலாம் என்னும் விதியைத் தரவுத்தளத்திலேயே எழுதிவிட்டால், பின்னது மறுக்கப்படும். இவ்விதி திரையில் இருந்து பயனில்லை.

கூட்டத்தினால் வேறொரு தொல்லையும் உண்டு. போஸ்ட்கிரெஸ் மாற்றியமைக்கப்படாவிடில் ஒரே நேரத்தில் 100 இணைப்புகளையே ஏற்கும். ஆளுக்கோர் இணைப்பு என்றால் விரைவில் தீர்ந்துவிடும். ஏறத்தாழ 10 இணைப்புகளைத் திறந்தே வைத்து, ஒருவர் வேலை முடிந்ததும் அடுத்தவருக்குக் கொடுத்தால் சிறு குழுவுக்குத் தாராளமாகப் போதும்.

உலாவியிலிருந்தே தரவுத்தளத்தை அணுகலாம் எனச் சில சேவைகள் இன்று விளம்பரம் செய்கின்றன. அங்கும் இடையில் ஒரு வாயில் இருக்கவே செய்கிறது. அதை அவர்களே கட்டி வைத்துள்ளனர். எந்த வரியை யார் காணலாம் என்ற விதியை எழுதாமல் அதைப் பயன்படுத்துதல் ஆபத்து.

நகல் எடுக்கும் வசதியை நிறுவனமே அளிக்கும். அமேசானின் சேவையில் தானியங்கி நகல்களை அதிகமாக 35 நாள் வரை வைக்கலாம். நகல் இருந்தால் மட்டும் போதாது. அதிலிருந்து கணக்கை ஒருமுறை மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். முடிவாக, மேகக்கணினியின் கணக்கு அமைத்துக் கொடுப்பவரின் பெயரில் இராமல் குழுவின் பெயரில் இருக்கட்டும். மாதக் கட்டணத்தை யார், எந்த நிதியிலிருந்து செலுத்துவது என்பதைப் பணி தொடங்கு முன்னரே தீர்மானமாக எழுதிக்கொள்ளல் வேண்டும்.