ஊர் ஊராகப் போகவிருக்கும் தம்பிக்கு



மில் வேலையை விட்டுவிட்டு ஆலோசகராக இறங்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருந்தவர் நீங்கள்; நூலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. நூலின் தரத்தை அளந்து சொல்லும் ஊஸ்டர் அறிக்கையை என்னைவிட வேகமாகப் படித்துவிடுவீர்கள். ஆனால் நம்மைக் கூப்பிடுகிற மில்கள் பலவற்றில் நூலைவிடப் பேச்சுதான் அதிகம் அறுந்திருக்கும். முதலாளி சொல்வது ஸ்பின்னிங் மாஸ்டருக்குப் பிடிக்காது. மாஸ்டர் சொல்வதை எலெக்ட்ரிகல் ஆள் காதில் வாங்கமாட்டார். நடுவில் பேச வெளியாள் ஒருவர் வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் நமக்குக் கட்டணம்.

உங்களிடம் அதிகாரம் எதுவும் இருக்காது. நிறைந்த பாபினை மாற்றும் ஒரு டாஃபருக்கு அரை நாள் லீவுகூட உங்களால் கொடுக்க முடியாது. இரண்டு நாள் இருந்துவிட்டு பஸ் ஏறிவிடுவீர்கள். நீங்கள் சொன்னதைச் செய்ய வேண்டியவர்கள் அங்கேயே இருப்பார்கள். அதனால் முடிவும் பெயரும் அவர்களிடமே தங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் தலைமை என்று நான் மதிப்பது இதைத்தான்.

திண்டுக்கல் பக்கம் ஒரு மில். நள்ளிரவில் முடியும் அரை நைட் ஷிப்டில் மட்டும் ரிங் ஃபிரேமில் நூல் அறுப்பு கூடிக்கொண்டே போனது. ஒடிசாவிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகளுக்கு வேலை தெரியவில்லை என்று நிர்வாகம் முடிவுகட்டிவிட்டது. அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கத்தான் என்னை அழைத்தார்கள். கெஸ்ட் ஹவுஸில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் செய்வதுபோல உபசாரம். சாயங்காலம் அங்கே போய் உட்காராமல், ஃபிரேம் ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். ஆறரை மணிக்கெல்லாம் தொண்டை வறண்டது. ரிங் ஃபிரேம் பகுதியில் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம் வரை இருந்தால்தான் பருத்தி நூல் ஒழுங்காக ஓடும் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே அது மளமளவென்று இறங்கியது. உச்சநேர மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டை நிறுத்தியிருந்தார்கள். காலை உச்சநேரத்திலும் அதேதான். ஆனால் விடிகாலைக் காற்றில் இருந்த ஈரம் குட்டை மறைத்துவிட்டது. உத்தரவு முதலாளியுடையது. மாஸ்டரிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் அங்கே அறுந்த நூலை இணைத்துக்கொண்டிருந்த சைடர் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. “ஏம்மா, சொல்லியிருக்கலாமே?” என்றேன். “யாரும் கேக்கலையே சார்” என்றார்.

நேராக முதலாளியிடம் போய் நானே சொல்லியிருந்தால் பாராட்டு கிடைத்திருக்கும். மாஸ்டருக்கு அந்த மில்லில் மரியாதை போயிருக்கும். மறுநாள் மாலை, மணிக்கொரு தடவை ஈரப்பதத்தையும் அறுப்பையும் ஒரே தாளில் குறித்துவைக்கும்படி அவரிடம் சொன்னேன். கூட்டத்தில் அந்தத் தாளைக் காட்டியவர் அவர். மின்சாரத்தில் மிச்சமானது எவ்வளவு, கழிவிலும் உற்பத்தியிலும் போனது எவ்வளவு என்று கணக்குப் போட்டவரும் அவர்தான். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

டெமிங்கைப் படித்திருப்பீர்கள். 1950-இல் ஜப்பானுக்குப் போன அந்த அமெரிக்கப் புள்ளியியலாளர், பொறியாளர்களுக்குத் தரக் கட்டுப்பாட்டுப் பாடம் நடத்தியதோடு நிற்காமல் கம்பெனித் தலைவர்களையும் உட்காரவைத்துப் பேசினார். அந்த உரைகள் புத்தகமானபோது உரிமைத்தொகையை வாங்க மறுத்தார். அந்தப் பணத்தைக் கொண்டு 1951-இல் ஜப்பானியர் தொடங்கியதுதான் டெமிங் பரிசு. நம் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-இல் அதை வாங்கியது. டெமிங்கின் சிவப்பு மணி விளையாட்டை ஒவ்வொரு முதலாளிக்கும் ஒருமுறை நடத்திக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. ஒரு பெட்டியில் மணிகள், ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு. 50 குழியுள்ள துடுப்பால் அள்ள வேண்டும். சிவப்பு கூடினால் திட்டு, குறைந்தால் பாராட்டு. அள்ளுகிறவர் என்ன செய்வார், பாவம்! அந்த ஒடிசாப் பிள்ளைகளும் பெட்டியில் இருந்ததைத்தான் அள்ளினார்கள். கோளாறுகளில் 94 சதவீதம் அமைப்பினுடையது என்றும் டெமிங் எழுதினார். அது அவருடைய அனுபவக் கணிப்பு. மேடையில் அதை அளந்து பார்த்த எண்போலச் சொல்லிவிடாதீர்கள்.

அறிக்கையை வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். மில்லை விட்டுக் கிளம்புமுன் ஒரே பக்கம், தமிழில், மேஸ்திரிக்கும் ஃபிட்டருக்கும் புரிகிற மாதிரி எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாற்பது பக்க அறிக்கை அலமாரிக்குப் போகும். ஒரு பக்கத்தைச் சுவரில் ஒட்டுவார்கள். கட்டணத்தையும் பயணச் செலவையும் ஜிஎஸ்டியையும் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். இதில் கூச்சப்பட்டவர்கள் பின்னால் பாக்கிக்காக அலைந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டிராவலர், ஏப்ரன் போன்ற உதிரிபாகங்களை விற்பவர்கள் உங்கள் லாட்ஜைத் தேடி வருவார்கள். பழமும் ஸ்வீட் பாக்ஸும் முதலில் வரும், பிறகு சதவீதம் வரும். ஸ்வீட் பாக்ஸிலேயே மறுத்துவிடுவது சுலபம்.

வருடத் தொடக்கத்திலேயே காலண்டரில் வீட்டுக்கான நாட்களைக் குறித்துவிடுங்கள். ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் யாரும் உங்களைக் கூப்பிடமாட்டார்கள், அது தானாகக் கிடைக்கும். தீபாவளி முடிந்த வாரங்கள்தான் ஆபத்து: ஊருக்குப் போன ஆட்கள் திரும்பாமல் மில்கள் தவித்து, ஒரே நேரத்தில் எல்லோரும் போன் செய்வார்கள். பிள்ளைகளின் பரீட்சை நாட்களைப் பிடித்துவைக்க வேண்டியது நீங்கள்தான். இரவு பஸ்ஸில் போய் இறங்கிய காலையில் கூட்டம் வைத்துக்கொள்ளாதீர்கள். ரிங் ஃபிரேம் பகுதிக்குள் நுழைந்தால் காதடைப்பான் போடுங்கள்; எங்கள் தலைமுறை ஆட்களிடம் நீங்கள் சத்தமாகப் பேச வேண்டியிருப்பதற்குக் காரணம், நாங்கள் அதைப் போடாததுதான்.

கடைசியாக ஒன்று. இராஜபாளையத்தில் பார்த்ததைத் திண்டுக்கல்லில் சொல்ல வாய் துறுதுறுக்கும். ஈரப்பதத்தைக் காப்பதையும் அறுப்பைக் கணக்கெடுப்பதையும் எங்கு வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம், அது உங்கள் தொழில். எந்தப் பஞ்சை எந்த விகிதத்தில் கலக்கிறார்கள், என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்பது அவர்களுடையது. முதல் மில்லுக்குப் போய்வந்ததும் எனக்கு எழுதுங்கள். மில்லின் பெயரை மட்டும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்