எண்கள் காட்டிய வழி

அக்காவும் தங்கையும் பெங்களூரில் வசித்தார்கள். அக்காவிடம் ஒரு சின்னச் சரக்கு வண்டி இருந்தது. அதை அவரே ஓட்டிப் பிழைத்தார். மாலை வகுப்புக்குப் போய் எழுத்தும் எண்ணும் கற்றிருந்தார்.

தங்கைக்கு டெல்லியில் தையல் வேலை கிடைத்தது. வீட்டில் இரண்டு நாய்கள். ஒன்று ராஜா. இன்னொன்று மணி. அவற்றை யாரிடம் விடுவது?

"நாலு பேரும் வண்டியிலேயே போய்விடலாம்" என்றார் அக்கா.

கிளம்பும் முன் நாய்கள் தடுப்பூசி போட்டதற்கான அட்டையை எடுத்து வைத்தார். வண்டியின் பின்பக்கம் காற்று வரும்படி தார்ப்பாய் கட்டினார். ஒரு குடம் தண்ணீரும் வைத்தார்.

மார்ச் 3 காலையில் வண்டி கிளம்பியது. டெல்லி சுமார் 2,100 கிலோமீட்டர் தூரம். போகும் சாலை தேசிய நெடுஞ்சாலை 44. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் சாலை அது.

வழியெல்லாம் மைல்கற்கள். தங்கை கேட்டாள்: "எல்லாக் கல்லுக்கும் தலை மஞ்சளாக இருக்கிறதே, ஏன்?"

"மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. பச்சைக் கல் வந்தால் வழி மாறிவிட்டோம் என்று அர்த்தம்" என்றார் அக்கா.

முதல் நாள் இரவு கர்நூலில் தங்கினார்கள். இரண்டாம் நாள் கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளைத் தாண்டினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிழலில் நிறுத்தினார்கள். நாய்களுக்குத் தண்ணீர் கொடுத்து, கொஞ்சம் நடக்க விட்டார்கள். வெயிலில் மூடிய வண்டிக்குள் நாயை விட்டுவிட்டுப் போகக் கூடாது. சூடு தாங்காமல் அது செத்துப்போகும்.

மூன்றாம் நாள் நாகபுரியைத் தாண்டினார்கள். பெஞ்ச் காட்டில் சாலை பாலம்போல உயர்ந்து சென்றது. புலியும் மானும் அடியில் நடந்து போவதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள். அவற்றில் ஒரு பாலத்தின் நீளம் 750 மீட்டர்.

மாலையில் மத்தியப் பிரதேசத்தில் உள்ள சிவனி ஊருக்கு வந்தார்கள். டீக்கடை அருகே ஒரு தெருநாய் படுத்திருந்தது. தங்கை அதற்கு ரொட்டி போடக் குனிந்தாள். நாய் வெடுக்கென்று கையைக் கடித்தது. ரத்தம் வந்தது.

"மிளகாய்ப் பொடி வையுங்கள், சரியாகிவிடும்" என்றார் அங்கிருந்த ஒருவர்.

"வேண்டாம்" என்றார் அக்கா. தங்கையைக் குழாயடிக்கு அழைத்துப் போனார். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவினார்.

"சின்னக் காயம்தானே அக்கா? டெல்லி போய்ப் பார்த்துக்கொள்ளலாமே" என்றாள் தங்கை.

"வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைக்க வைக்க மருந்து இல்லை, கண்ணு. வரும் முன்தான் தடுக்க முடியும். வா!"

அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். ரத்தம் வந்திருந்ததால் டாக்டர் காயத்தைச் சுற்றி ஒரு மருந்து போட்டார். பிறகு தடுப்பூசி போட்டார். காயத்துக்குக் கட்டுப் போடவில்லை. ஓர் அட்டையைக் கொடுத்தார்.

அட்டை முழுவதும் இந்தி. அக்காவுக்கு இந்தி கொஞ்சம் பேச வரும். படிக்கத் தெரியாது. ஆனால் எண்கள் தெரியுமே! ஓரத்தில் 0, 3, 7, 28 என்று இருந்தது.

டாக்டர் சொன்னார்: "இன்றைய நாள் 0. இதிலிருந்து 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் ஊசி போட வேண்டும். எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் இந்த அட்டையைக் காட்டலாம். ஒன்றைக்கூட விடக் கூடாது."

அக்கா விரல்விட்டு எண்ணினார். அட்டையில் தேதிகளை எழுதினார்: மார்ச் 5, மார்ச் 8, மார்ச் 12, ஏப்ரல் 2.

மறுநாள் ஓய்வு எடுத்தார்கள். பிறகு நர்மதை ஆற்றைத் தாண்டி ஜான்சிக்குப் போனார்கள். மார்ச் 8 ஆக்ராவில் இரண்டாம் ஊசி. மறுநாள் டெல்லி வந்து சேர்ந்தார்கள்.

மார்ச் 12 மூன்றாம் ஊசியும் ஆயிற்று. தங்கையையும் நாய்களையும் விட்டுவிட்டு அக்கா ஊருக்குத் திரும்பினார். போகும்போது அட்டையைச் சுவரில் மாட்டினார். ஏப்ரல் 2 என்ற தேதியைச் சுற்றி வட்டம் போட்டார்.

ஏப்ரல் 2 காலை தங்கையிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நாலாவது ஊசியும் போட்டாச்சு!"

நினைவில் வைப்போம்

நாய் கடித்தால், கீறினால் உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுவோம்.
மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய், எண்ணெய் எதுவும் வைக்க மாட்டோம்.
அன்றே மருத்துவமனைக்குப் போவோம்.
எல்லா ஊசிகளையும் போட்டு முடிப்போம்.
வளர்க்கும் நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவோம்.

பதில் சொல்லுங்கள்

1. மைல்கல்லின் தலையில் மஞ்சள் இருந்தால் அது எந்தச் சாலை?
2. காயத்தை எத்தனை நிமிடம் கழுவ வேண்டும்?
3. முதல் ஊசி ஜூன் 1 அன்று போட்டால் மற்ற மூன்று ஊசிகள் எந்தத் தேதிகளில் வரும்? எழுதுங்கள்.