ஜீவாமிர்தமும் கீரைப் பாத்தியும்

போன ஆடியில், ராயகிரித் தோட்டத்துக் கொத்தமல்லிப் பாத்திக்கு ஜீவாமிர்தம் தெளித்தேன். மூன்றாம் நாள் பறித்து, பச்சையாகவே துவையல் அரைத்தோம். சங்கரன்கோவில் ஆடித்தபசு பார்க்க வந்திருந்த பேத்தி ஆசையாகச் சாப்பிட்டாள். நாலு நாள் கழித்து அவளுக்கு வயிற்றுப்போக்கு, ரத்தமும் கலந்திருந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துத்தான் தேறினாள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பச்சையா என்ன சாப்பிட்டா?"

துவையலால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. முப்பது வருடம் வங்கியில் இருந்தவனுக்குக் கணக்கு இடித்தால் தூக்கம் வராது. அதனால் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கள்ள நோட்டு எப்படி வருகிறது?

மாட்டுக் குடலிலும் நம் குடலிலும் ஈ.கோலி என்ற பாக்டீரியா கோடிக்கணக்கில் வாழ்கிறது. பெரும்பாலும் சாது. ஆனால் சிலவற்றிடம் ஷிகா நஞ்சைச் செய்யும் மரபணு இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நல்ல நோட்டும் கள்ள நோட்டும் மாதிரி. மரபணுவைச் சோதித்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

அந்த மரபணு எங்கிருந்து வந்தது? பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் உண்டு, ஃபேஜ் என்பார்கள். அவைதான் நஞ்சு மரபணுவைச் சுமந்து வந்து பாக்டீரியாவுக்குள் செருகிவிடுகின்றன. நேற்றுவரை சாதுவாக இருந்தது இன்று விஷமாகிறது. குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும் மரபணுவும் சேர்ந்துவிட்டால் ஆபத்து கூடும். நஞ்சு ரத்தத்தில் கலந்தால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, சிறுநீரகம் பழுதாகலாம்.

பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டார்: "அண்ணாச்சி, நாட்டு மாட்டுச் சாணியில போயி நோய் இருக்குமா? நம்ம மாடு நல்லாத்தானே இருக்கு?" அங்கேதான் சூட்சுமம். அந்த நஞ்சு பற்றிக்கொள்ளும் இடம் மாட்டின் ரத்தக் குழாய்களில் இல்லை. அதனால் மாடு திடமாகவே இருக்கும். சாணியில் மட்டும் கிருமி வெளியேறும்.

சென்னையில் நடந்தது

இந்த மரபணுக் கைமாற்றம் நம் மாநிலத்திலேயே நடந்து காட்டியிருக்கிறது. காலரா நஞ்சு ஒன்று உண்டு என்பதை 1959-இல் கொல்கத்தாவில் சம்புநாத் டே நிரூபித்தார். அந்த நஞ்சின் மரபணுவையும் ஒரு ஃபேஜ்தான் சுமக்கிறது என்று 1996-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். இதற்கு நடுவே, 1992 இறுதியில் சென்னையில் ஒரு புதுக் காலரா தலைகாட்டியது. அதுவரை ஓ1 வகைதான் கொள்ளைநோயாகப் பரவியிருந்தது. இதுவோ மேலுறையைத் தீர்மானிக்கும் மரபணுக்களை மாற்றிக்கொண்டு, நஞ்சு மரபணுவை அப்படியே வைத்திருந்தது. பழைய காலராவுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற பெரியவர்களையும் அது விடவில்லை. சில மாதங்களில் கொல்கத்தா, வங்காளதேசம் வரை போனது. அதற்கு ஓ139 என்று பெயர் வைத்தார்கள்.

நம்மைப் போன்ற இயற்கை விவசாயிகள் மறக்கக்கூடாத பாடம் 2011-இல் ஜெர்மனியில் கிடைத்தது. முளைகட்டிய பயறு வழியாக ஓ104 என்ற ஈ.கோலி பரவி, 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த முளைப்பயறு ஓர் இயற்கைப் பண்ணையில் விளைந்தது. எகிப்திலிருந்து வந்த வெந்தய விதைமேல்தான் சந்தேகம் விழுந்தது. அங்கே குற்றவாளி சாணி இல்லை. ஆனால் "இயற்கை" என்ற பெயர் மட்டும் யாரையும் காப்பாற்றவும் இல்லை.

நான் மாற்றிக்கொண்டவை

ஜீவாமிர்தத்தில் நாம் போடும் வெல்லம் நல்ல நுண்ணுயிருக்கு மட்டும் சோறு போடுவதில்லை. கம்போஸ்ட் ஊறல் நீரில் சர்க்கரைப்பாகு போன்றவற்றைச் சேர்த்தால் நோய்க்கிருமியும் பெருகலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்,

1. பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, கீரை இவற்றின் மேல் சாணிக் கரைசல் எதையும் தெளிப்பதில்லை.

2. மட்காத சாணியை மண்ணில் இட்டால், மண்ணைத் தொடும் விளைச்சலை 120 நாள் கழித்தும், தொடாததை 90 நாள் கழித்தும் அறுவடை செய்யவேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. சிறுகீரை ஒரு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். அங்கே இந்தக் கணக்கு உதவாது. ஆகவே பச்சைச் சாணி, ஜீவாமிர்தம் எல்லாம் என் தென்னைக்கும் கரும்புக்கும் போகிறது. கீரைக்கு மட்கிய உரம் மட்டும்தான்.

3. கம்போஸ்ட் குவியலின் நடுப்பகுதி 55 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். குவியலாகப் போட்டால் அந்தச் சூடு 15 நாள் நிற்கவேண்டும். அதற்குள் ஐந்து முறை கிளறவேண்டும். ஓரத்தில் இருப்பதும் நடுவுக்கு வந்தால்தான் கிருமி சாகும்.

4. கரைசல் தொட்ட கையை, வாளியைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அறுவடை. கீரையை அலசுவது கிணற்றிலிருந்து நேராக இறைத்த நீரில்; தொழுவத்து நீர் ஓடும் வாய்க்காலில் அல்ல.

ரத்தம் கலந்த பேதி என்றால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ஷிகா நஞ்சு ஈ.கோலியாக இருந்தால், சில ஆன்டிபயாடிக் மருந்துகள் நஞ்சைக் கூட்டிவிடக்கூடும். டாக்டரிடம் போங்கள்.

சாணியை நான் சந்தேகிக்கவில்லை. அதுதான் என் மண்ணின் மூலதனம். ஆனால் மூலதனம் எந்தக் கணக்கில், என்றைக்கு வரவாகிறது என்று பார்க்கவேண்டும் அல்லவா? இந்த ஆடித்தபசுக்கும் பேத்தி வருகிறாள். கொத்தமல்லிப் பாத்தி தயாராக இருக்கிறது, மட்கிய உரத்தோடு.