வெறும் வண்டியை நிமிர்த்துவதா, பாரம் ஏற்றிய வண்டியை நிமிர்த்துவதா?

பிக்கப் வைத்து வியாபாரம் செய்யும் சகோதரர்கள் பலர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "நானா, முன்பக்கத்தை உயர்த்தும் கிட் ஒன்று விற்கிறார்களே, போடலாமா? எவ்வளவு முடியும்?" கராஜ்களில் லெவலிங் கிட் என்று சொல்வது இதைத்தான். நானும் போட்டவன். போட்டுவிட்டுக் கழற்றியவனும்கூட. அந்த அனுபவத்தை வைத்தே இவ்வாரம் கணக்குப் பார்ப்போம்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளத்தில் கடை போட்டவர்களில் ஒரு பகுதியினர், 2002 இல் ஏ-9 வீதி திறந்தபோதும் 2009 இன் பின்னரும் திரும்பி வந்து இங்கே மீண்டும் தொழில் தொடங்கினார்கள். நானும் அவர்களில் ஒருவன். புத்தளத்திலும் கொடுக்கல் வாங்கல், யாழ்ப்பாணத்திலும் கொடுக்கல் வாங்கல். இரண்டுக்கும் நடுவே ஓடுவது ஒரே ஒரு ஹைலக்ஸ் சிங்கிள் கெப். அது இரண்டு நாள் கராஜில் நின்றால் கடையும் இரண்டு நாள் நின்றது போலத்தான்.

ஒரு நாள் ஒயில் மாற்றப் போன இடத்தில் கராஜ் தம்பி சொன்னார்: "அண்ணை, முன்பக்கம் குனிஞ்சு கிடக்கு. கிட் ஒண்டு போட்டால் நிமிர்ந்திடும், பார்க்கவும் வடிவாயிருக்கும்." வெறும் வண்டியைப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். பின்பக்கம் உயர்ந்தும் முன்பக்கம் தாழ்ந்தும்தான் நின்றது. ஆனால் வாகனத்தைச் செய்தவர்கள் அப்படி வைத்ததற்குக் காரணம் உண்டு. பாரம் ஏறும்போது பின்பக்கம் இறங்கி வண்டி மட்டமாக வரவேண்டும் என்பதே அந்தக் கணக்கு. வெறும் வண்டியை மட்டமாக்கினால், பாரம் ஏற்றிய வண்டி மூக்கை நிமிர்த்திக்கொண்டு ஓடும். நமக்குக் காசு வருவது வெறும் வண்டியிலிருந்து அல்லவே.

கிட் போட்டு இரண்டாம் கிழமை புத்தளத்திலிருந்து இரும்புக் குழாய்களும் பெயின்ற் வாளிகளும் ஏற்றிக்கொண்டு இரவில் வந்தேன். வவுனியா தாண்டியதிலிருந்து எதிரே வந்த வாகனங்கள் எல்லாம் லைற்றை அடித்து அடித்துக் காட்டின. ஆனையிறவில் பக்கக் காற்று வீசியபோது ஸ்டியரிங் பஞ்சு மாதிரி கையில் நின்றது. பரந்தன் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் கண் கூசி வீதியை விட்டே இறங்கிவிட்டார். விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த இரவு என் தூக்கம் போய்விட்டது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே ஏறத்தாழ 3 மீற்றர். ஒரு பக்கம் 2 அங்குலம், அதாவது 5 சென்ரிமீற்றர் மாறினால், 50 மீற்றர் தூரத்தில் லைற் வெளிச்சம் 80 சென்ரிமீற்றருக்கு மேல் உயரும். கிட் முன்பக்கத்தை 2 அங்குலம் உயர்த்தியது. பாரம் பின்பக்கத்தை இன்னும் 2 அங்குலம் இறக்கியது. மொத்தம் ஒன்றரை மீற்றருக்கும் மேல். எதிரே வருபவரின் கண்ணுக்கு நேரே வெளிச்சம் போகாமல் வேறெங்கே போகும்?

ஸ்டியரிங் இலேசானதற்குக் காரணம் கிட் மட்டுமல்ல, நான் பாரம் ஏற்றிய விதமும்தான். பின் அச்சுக்கு 30 சென்ரிமீற்றர் பின்னால் 800 கிலோவின் நடு அமைந்தால், துலாக்கோல் மாதிரி முன் அச்சிலிருந்து 80 கிலோ குறைந்து பின் அச்சில் 880 கிலோவாக விழும். நீளக் குழாய் ஏற்றுபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். பெயின்ற் வாளிகளைக் கெபினோடு ஒட்டி முன்னால் அடுக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். அதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

ஆகவே கிட் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். மட்டமான தரையில் டயர்க் காற்றைச் சரிபார்த்துவிட்டு, நான்கு சக்கரத்திலும் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். வழமையான பாரத்தை ஏற்றிவிட்டு மறுபடியும் எழுதுங்கள். பழைய இரும்பு வியாபாரம் செய்யும் நம் சகோதரர்களிடம் லொறி நிறுக்கும் தராசு இருக்கும். முன் அச்சைத் தனியாகவும் பின் அச்சைத் தனியாகவும் நிறுத்து, மொத்தத்தை வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள உச்ச நிறையோடு ஒப்பிடுங்கள். அதைத் தாண்டினால் எந்தக் கிட்டும் உதவாது. ஸ்பிரிங்கைப் பலப்படுத்தினால் வண்டி தாழாமல் நிற்கும். அச்சும் பிரேக்கும் டயரும் பழைய பலத்தில்தான் இருக்கும்.

இன்னொரு விடயம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் திறந்தது. இடையில் நாமெல்லாம் பழைய வண்டிகளையே தேய்த்து ஓட்டினோம். அதிலும் வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கம் கடற்பாலத்தில் தினமும் ஓடுகிற வண்டிகளின் ஸ்பிரிங் பிளேட்டுகளுக்கிடையே உப்புக்காற்றில் துரு ஏறியிருக்கும். அப்படி வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அது கிட் கேட்கும் குறை அல்ல. உடைந்த பிளேட், தேய்ந்த புஷ், ஒயில் கசியும் சொக் அப்சோபர் ஆகியவற்றை முதலில் மாற்றுங்கள். என் வண்டிக்கும் உண்மையில் தேவைப்பட்டது அதுதான்.

அதற்குப் பிறகும் முன்பக்கத்தை உயர்த்தியே ஆகவேண்டும் என்றால், உங்கள் வண்டி எந்த ரகம் என்று பாருங்கள். 2005 அளவில் வந்த புது ரக ஹைலக்ஸில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங். அதன் மேல் கட்டை வைப்பதுதான் கிட். 1 அங்குலக் கட்டை சக்கரத்தில் ஏறத்தாழ 2 அங்குல உயர்வு தரும். எனவே '2 அங்குலக் கிட்' என்றால் கட்டையின் தடிப்பா, உயர்வா என்று கேட்டு வாங்குங்கள். டோர்ஷன் பார் உள்ள பழைய வண்டிகளில் போல்ட்டைத் திருகியே உயர்த்திவிடுவார்கள், கிட்டே தேவையில்லை. மலிவுதான். ஆனால் திருகுவதால் பார் பலமாவதில்லை. சக்கரம் கீழே இறங்கும் இடம் குறைந்து, பள்ளத்தில் 'டக்' என்று அடிக்கும். போல் ஜொயின்ற் சீக்கிரம் தேயும். டிமோ பட்டா வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம். அதில் முன்னும் பின்னும் பிளேட் ஸ்பிரிங்தான்.

பாரத்தால் பின்பக்கம் தாழ்வதுதான் கவலை என்றால், மருந்து பின்பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு பிளேட் கூட்டலாம், அல்லது காற்றுப் பை போடலாம். கூட்டிய பிளேட் வெறும் வண்டியில் தூக்கித் தூக்கிப் போடும். காற்றுப் பையில் பாரத்துக்கு ஏற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். விலை கூட, கசிவு வந்தால் பார்க்கவும் தெரியவேண்டும். தாழ்ந்த பிளேட்டைச் சூடாக்கி அடித்து வளைத்துத் தருகிறோம் என்பவர்களிடம் கொடுக்காதீர்கள். உருக்கின் பதம் கெட்டுச் சில மாதங்களில் பழையபடி தாழும். எந்த வழியானாலும் யூ போல்ட் புதிதாகவே போடவேண்டும். சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் இறுக்கவும் வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஹைலக்ஸ் போன்ற பல பிக்கப்களில் பின் அச்சிலிருந்து சட்டத்துக்கு ஒரு கம்பி போகும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்தே பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் கொடுப்பது என்று அங்குள்ள வால்வு தீர்மானிக்கிறது. நீங்கள் பின்பக்கத்தை உயர்த்திவிட்டு அதைச் சரிசெய்யாவிட்டால், பாரம் நிறைந்திருந்தும் வண்டி வெறுமையாக இருக்கிறது என்று அது நினைக்கும். பின் பிரேக் குறைந்துவிடும். இதைப் பற்றிக் கேட்டதும் விழிக்கிற கராஜில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இனிச் செலவு. நான் கிட்டின் விலையை மட்டும் ஒதுக்கிக்கொண்டு போனேன். பொருத்துக் கூலி, வீல் அலைன்மன்ட், லைற்றை இறக்கி அமைத்தது, பொருத்தும்போது பழுதென்று கண்ட புஷ், வண்டி நின்ற இரண்டு நாளும் வாடகை லொறி என்று கிட்டின் விலைக்கு மேல் இன்னொரு மடங்கு போனது. அதனால்தான் சொல்கிறேன், கிட்டின் விலையை இரண்டால் பெருக்கிக்கொண்டு போங்கள். மிஞ்சினால் டயருக்கு வையுங்கள். லீசிங்கில் ஓடும் வண்டியானால் தவணைக்கு வைத்த காசில் கைவைக்கவே வேண்டாம். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு 'மாற்றம் செய்த வாகனம்' என்று அவர்கள் கடிதம் எழுதினால் நம் கையில் பதில் இருக்கவேண்டும். இந்த மாற்றத்துக்கு அனுமதி தேவையா என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

என் கட்டைகள் இரண்டும் இப்போது கடையில் கல்லாவுக்குப் பின்னால் கிடக்கின்றன. போன மாதம் ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார். என்ன ஏற்றுகிறீர்கள் என்று கேட்டேன். சீமெந்து என்றார். கொடுக்கவில்லை. போய் முதலில் பின் பிளேட்டைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.